எதிர்வீட்டுக் குரல்

எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே ஒருவன் ட்ரம்பெட் ஊதிப் பழகுவான். ஒரு சுரத்தைப் பிடிக்கப் பார்ப்பான், நழுவிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். அந்தச் சத்தத்தில்தான் நான் சோளமாவு பிசைவேன். அவனுக்குச் சுரம் பிடிபட்டால் எனக்கும் மாவு பதத்துக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வேன். சில நாள் மாவு காய்ந்தே போய்விடும்.

அவன் ஊதுகிற கல்லூரி எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. பாட்டு, வானொலி, நாடகம், ஆட்டம் எல்லாம் சொல்லித்தரும் கல்லூரி. கல்லூரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்த மஞ்சள் கட்டடம். மாடியில் ஆட்ட வகுப்பு. அவர்கள் குதித்தால் கீழே பியானோ மேல் சுண்ணாம்பு உதிரும். துணி மூட்டை போட்டு வைத்திருந்த அறைதான் ஒலிப்பதிவு அறை. வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார்கள். அத்தனையும் என் கடைக்கு முட்டை வந்த அட்டைதான். கல்லூரி வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து முட்டை அரேப்பா விற்கிறேன். சோளமாவு வட்டத்தைப் பொரித்தெடுத்து, விளிம்பைக் கீறி, உள்ளே பச்சை முட்டையை ஊற்றி, வாயை மாவால் அடைத்து மறுபடி எண்ணெயில் விடவேண்டும். கை நடுங்கினால் முட்டை சட்டியில் சிதறும். பாட்டுப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பசி அதிகம், எனக்குக் குறையில்லை.

வில்ஃப்ரீதோ என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் ஊரான பர்ரான்கீயாவில் அவர் குரலை அறியாதவர்கள் கிடையாது. வானொலியில் மதியச் செய்தி, சோப்பு விளம்பரம், மரண அறிவிப்பு எல்லாம் அவர்தான். என் அப்பா செத்ததை அவர் வாசித்தபோது, உயிரோடு இருந்ததைவிட அப்பா பெரிய மனிதராகத் தெரிந்தார். நிலையம் கைமாறி, சிரித்துக்கொண்டே பேசுகிற சின்னப் பையன்கள் வந்தபிறகு, எதிர்க் கல்லூரியில் குரல் பயிற்சி வாத்தியாராகச் சேர்ந்தார். பிள்ளைகளைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் செங்கல் வைத்து மூச்சு விடச் சொல்வார். "கழுதைகளா, தொண்டையால கத்தாதீங்க, வயித்தால பேசுங்க!" என்று அவர் சொல்வது என் சட்டி வரைக்கும் கேட்கும்.

அவர் மனைவி எதெல்மீரா அந்தக் குரலைத்தான் கட்டிக்கொண்டாள். இதை அவளே சொல்வாள். சட்டைத் தொழிற்சாலையில் சட்டைக் கை தைத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே நாள் முழுக்க வானொலி ஓடும். ஒருநாள் தோழிகளோடு நிலையத்துக்குப் போய் ஆளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பாத்ததும் ஏமாந்துட்டேன்டி நூபியா. இத்தினியூண்டு ஆளு. காது மட்டும் பெருசா ரெண்டு. சரி, கண்ண மூடிக்கிட்டாப் போச்சுன்னு கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

அவர் கேட்டுக்கொண்டு இருக்கும்போதே சொல்வாள். அவரும் சிரிப்பார். அதற்குப் பிறகு அவள் ஏதாவது சொல்ல வந்தால், பாதியிலேயே வாங்கிக்கொண்டு மீதியை அந்த வெண்கலக் குரலில் அவரே சொல்லி முடித்துவிடுவார். நாங்களும் அதைத்தான் கேட்க விரும்பினோம்.

அந்த வருஷம் மழைக்காலத்தின் தொடக்கத்தில் குரல் கரகரத்தது. தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வெல்லமும் இஞ்சியும் எலுமிச்சையும் கொதிக்கவைத்துக் குடித்தார். ஒருநாள் வகுப்பில் 'ஆ' என்று இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் அதுவும் பாடம்தான் என்று நினைத்து வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்களாம்.

குரல் நாணில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். வெட்டியபிறகு ஒரு மாதம் மூச்சு தவிர எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது. முணுமுணுக்கக்கூடக் கூடாது.

"அப்பறம் பழைய குரல் வந்துருமா டாக்டர்?" என்று கேட்டாளாம் அவர்கள் மகள் யுரானிஸ். அவளும் எதிர்க் கல்லூரியில்தான் வானொலி நாடகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குரல் வரும். எந்தக் குரல்னு என்னால சொல்ல முடியாது."

இந்த ஒரு வாக்கியம் தெரு முழுக்கப் பரவியது. முனைக் கடையில் சோடா பந்தயமே கட்டினார்கள். பழைய குரல்தான் என்று பாதிப் பேர், பெண்குரலாகிவிடும் என்று கொஞ்சம் பேர். தாள வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு ஒரு கிலுகிலுப்பை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு ஆட்டு ஆட்டினால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதை வைத்தே அந்த வீட்டில் நடப்பது எனக்குத் தெரிந்துவிடும். சூப்பில் உப்பு போதுமா? ஒரு ஆட்டு. விசிறியை நிறுத்தவா? இரண்டு ஆட்டு. கோபம் வந்தால் ஆட்டுவது நிற்காது.

நான் எதிர்பார்க்காதது வேறொன்று நடந்தது. எதெல்மீரா பேச ஆரம்பித்தாள். முதலில் அவருக்கு மருந்து நேரம் சொன்னாள். பிறகு சந்தையில் பார்த்ததைச் சொன்னாள். அதற்கப்புறம் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவன் ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட கதை. அதைத் தலையிலிருந்து வால்வரை சொன்னாள். சாயங்காலம் ஆடும் நாற்காலிகளை வாசலில் போட்டு உட்கார்ந்தால் அவள் பேச்சுதான். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இந்தக் கதைய ஏன் எங்கிட்ட இத்தன நாளா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. மேஸ்திரி வர்ற எடம் வரைக்கும் நாலஞ்சு தடவ சொல்லியிருக்கேன். அங்க வந்ததும் இவரு முதலாளிங்கள பத்திப் பேச ஆரம்பிச்சிருவாரு." கொஞ்ச நேரம் ஆடினாள். "எங்குரல் இப்பிடி இருக்கும்னு எனக்கே தெரியாதுடி. கொஞ்சம் மூக்கால பேசறேன், இல்ல?"

கிலுகிலுப்பை ஒருமுறை ஆடியது. மூவரும் சிரித்தோம். அவர் சத்தமில்லாமல் சிரித்தார்.

டாக்டர் பேசலாம் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கொல்லையில் பெரிய பானையில் துவரைச் சூப் வைத்தார்கள். உப்புக்கண்டம் போட்டு, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் சேர்த்து, நான்தான் கிளறினேன். கல்லூரியை நடத்துகிற லிஹியா அம்மாவும் வந்திருந்தார். அவர் ஒரு காலத்தில் மேடைப் பாடகி. எதையும் வளைத்துப் பேசமாட்டார். பிள்ளைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒலிப்பதிவு அறையைப் பார்த்துக்கொள்ளும் தெய்விஸ் என்ற மாணவன் மைக்கோடு வந்துவிட்டான். எதெல்மீரா அதை அவன் சட்டைக்குள்ளேயே திணித்தாள்.

வில்ஃப்ரீதோ சலவைச் சட்டை போட்டிருந்தார். எழுந்து நின்றார். தண்ணீர் ஒரு வாய் குடித்தார். முதல் வார்த்தை என்ன என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"எதெல்மீரா" என்றார்.

அது மெல்லிய, கீறல் விழுந்த குரல். பாதியில் உடைந்து மேலே ஏறிப் பெயரின் கடைசி எழுத்தில் காற்றாகிவிட்டது. மகள் யுரானிஸ் வாயைப் பொத்தினாள், அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், பயத்தில் வந்த சிரிப்பு. அதையாவது அவர் தாங்கியிருப்பார். எதெல்மீரா, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மதில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் குரல் அவருடையது என்று அவள் காதுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். திரும்பவும் அவரைப் பார்த்தபோது அவர் முகம் இறுகிவிட்டது. உட்கார்ந்தார். சூப்பைக் குடித்தார். யாரோ "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டதற்கு, கையை நீட்டிக் கிலுகிலுப்பையை எடுத்து இரண்டு ஆட்டு ஆட்டினார்.

அதிலிருந்து பேசவில்லை. டாக்டர் திட்டினார், பேசாமலிருந்தால் இருக்கிறதும் போய்விடும் என்றார். இரண்டு ஆட்டு. லிஹியா அம்மா ஒருநாள் சாயங்காலம் வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வில்ஃப்ரீதோ, எனக்கும் உச்சஸ்தாயி போயிருச்சு. அன்னிக்கு ராத்திரி நானும் அழுதேன். அப்பறம் இந்தக் கட்டடத்த வாடகைக்கு எடுத்தேன். ஒங்க வகுப்பு காலியாக் கெடக்குது. பசங்க செங்கல்ல கால்ல போட்டுக்கறானுங்க. எப்ப வர்றீங்க?"

இரண்டு ஆட்டு.

"குரல யாரு கேட்டா? வாத்தியாரத்தான் கேக்கறேன்."

அவர் கிலுகிலுப்பையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். லிஹியா அம்மா எழுந்துகொண்டே எதெல்மீராவிடம், "வருஷப் பரீட்ச வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கு மேல வேற ஆளப் போட்டுத்தான் ஆகணும்" என்றார்.

மறுநாள் எதெல்மீரா என் சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அரேப்பாவைக் கையில் வாங்கி, தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் திரும்பிப் பாத்திருக்கக் கூடாதுடி."

"தெரிஞ்சா செஞ்ச?"

"தெரியாமச் செஞ்சதுனாலதான் அவருக்கு வலிக்குது. தெரிஞ்சு செஞ்சிருந்தா சண்ட போட்டிருப்பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இப்ப வீட்ல நானும் பேசறதில்ல. நான் பேசுனா அவரக் குத்திக்காட்டற மாதிரி இருக்கு. சொவத்துல காத வச்சுப் பாரு, ஒண்ணும் கேக்காது."

உண்மைதான். நான் வைத்துப் பார்த்திருந்தேன்.

வருஷப் பரீட்சைக்கு யுரானிஸின் வகுப்பு ஒரு வானொலி நாடகம் போட்டது. கல்லூரி அறையிலிருந்தே நேரடியாகப் பேட்டை வானொலியில் போகும். ஆற்றுப் படகில் போன புருஷனைத் தேடிச் சந்தையில் ஒவ்வொருவரிடமாக விசாரிக்கிற பெண்ணின் கதை. யுரானிஸ் அந்தப் பெண். அவளுக்குச் சேதி சொல்கிற மீன்காரக் கிழவி வேஷத்துக்கு வேறொரு மாணவி.

அன்றைக்கு மத்தியானம் வானம் கறுத்தது. எங்கள் ஊரில் மழை விழுந்தால் சாக்கடையெல்லாம் தெருவுக்கு வந்து தெரு ஆறாகிவிடும். கார் கவிழ்கிற வேகத்தில் ஓடும். கயிறு கட்டிக்கொண்டுகூட யாரும் இறங்கமாட்டார்கள். நான் சட்டியை இழுத்துக் கல்லூரி வாசலுக்குள் வைப்பதற்குள் பாதி எண்ணெய் போயிற்று. மகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த எதெல்மீராவும் உள்ளே மாட்டிக்கொண்டாள். மீன்காரக் கிழவியாக நடிக்க வேண்டியவள் வந்த பேருந்து எங்கோ மேட்டில் நிற்பதாகத் தொலைபேசியில் சேதி வந்தது.

"வேற யார்றா வயசான பொம்பளைக் கொரலு?" என்று தெய்விஸ் சுற்றிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியும், ஆனா கண்ணாடி வீட்ல இருக்கு" என்றேன். வீடு தண்ணீருக்கு அந்தப் பக்கம்.

"அம்மா, நீ வா" என்றாள் யுரானிஸ்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"மேஸ்திரி கதைய எப்பிடிச் சொல்லுவ, அப்பிடிச் சொல்லு. நாலே வரிதான்."

எதெல்மீராவுக்கு ஆசை இருந்தது. அவள் கூந்தலைச் சரிசெய்துகொண்டதில் தெரிந்தது. வானொலிக்கு எதற்குக் கூந்தல்? உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள். நான் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, தெய்விஸின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் தகரமும் வாழைக்குலையும் மிதந்து போயின. அதற்கு அந்தப் பக்கம், தன் வாசலில், வில்ஃப்ரீதோ வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. யுரானிஸ் மூச்சு வாங்கச் சந்தைக்குள் ஓடிவந்தாள். "மீன்காரம்மா, கறுத்த படகு கரைக்கு வந்துச்சா?"

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதெல்மீரா தாளைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். வாய் திறந்தது.

"மீன்காரம்மா, கேக்குதா? கறுத்த படகு..."

ஒன்றும் வரவில்லை. தெய்விஸ் சந்தைச் சத்தத்தைக் கூட்டினான், குறைத்தான். யுரானிஸ் தாயின் கையைப் பிடித்து அமுக்கினாள். வானொலியில் சத்தம் இல்லாத நேரம் எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். எதிர்வாசலில் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை.

மேஜைத் தொலைபேசியின் விளக்கு மின்னியது. நேயர்கள் கூப்பிடுகிற இணைப்பு. தெய்விஸ் எடுத்தான். "ஐயா, நாடகம் ஓடிட்டிருக்கு, அப்பறம் கூப்பிடுங்க."

"என்னைய மைக்குல போடு." கீச்சென்ற குரல் எனக்கே கேட்டது.

"யாருங்க நீங்க?"

"போடுறா கழுத!"

தெய்விஸின் கண் விரிந்தது. எத்தனையோ பேர் அவனைத் திட்டியிருப்பார்கள், ஆனால் அந்தக் 'கழுத' யாருடையது என்று அவனுக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினான்.

"ஏம்மா மீன்காரி!" தொலைபேசியில் வந்ததால், சந்தைக்குப் பக்கத்து மாடி ஜன்னலிலிருந்து எவனோ கத்துகிற மாதிரியே இருந்தது. "காதுல செதிலு அடச்சிருக்கா? அந்தப் புள்ள எவ்ளோ நேரமாக் கேக்குது? பதில் சொல்லேன்!"

எதெல்மீராவின் தலை நிமிர்ந்தது. இந்தத் தடவை அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு, மாடி வீட்டுக்காரரா? வாய் தொறந்துட்டீரா? இத்தன நாளா ஊமக் கோட்டானாட்டம் ஒக்காந்திருந்தீரே, இப்ப எங்கேந்து வந்துச்சு?"

"நீ மீன் விக்கிற லட்சணத்தப் பாத்து வந்துச்சு."

"ஓகோ. நான் வாயத் தொறந்தா நீரு மூடிக்கறீரு. நான் மூடுனா நீரு தொறக்கறீரு. ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசுனா ஒம்ம வீட்டுக் கூர பறந்துருமா?"

பிறகு அந்தக் குரல், உடைந்து, ஆனால் நிதானமாக வந்தது.

"எங்கொரலு நல்லால்ல, மீன்காரி."

"நல்லால்லதான். மீனு அழுகுனா நாறும், கொரலு அழுகுனா யாரும் சாவமாட்டாங்க. பேசும்."

யுரானிஸுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஆனால் நல்ல மாணவி. சட்டென்று இடையில் புகுந்தாள்: "ஐயா, மாடியிலேந்து ஆறு தெரியுமே, கறுத்த படகு வருதா, பாத்துச் சொல்லுங்களேன்."

"வருதும்மா. மெதுவா வருது. ஆனா வருது."

கதையில் அந்தப் படகு வரவே கூடாது. மூழ்கிப்போக வேண்டும். நாடகம் எழுதிய மாணவன் அறைக்கு வெளியே தலையில் கை வைத்துக்கொண்டான். லிஹியா அம்மா அவன் தோளைத் தட்டி, "விடு, வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

தண்ணீர் வடிய இருட்டிவிட்டது. அதற்குள் பேட்டை வானொலிக்கு ஏகப்பட்ட பேர் கூப்பிட்டார்களாம், மாடி வீட்டுக்காரராக நடித்த கிழவர் யார் என்று. முனைக் கடையில்கூட ஒருவனுக்கும் தெரியவில்லை. எதெல்மீரா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கித் தெருவைக் கடந்தாள். அவர் வாசலில் நின்றார். நான் சட்டியைக் கழுவுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வரிகூடப் படிக்கல நீ" என்றார்.

"நீரு விட்டாத்தானே."

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குரலும் வெகுநேரம் கேட்டன. ஒன்று மூக்கால், ஒன்று கீறலாக. வார்த்தை புரியவில்லை. அடுத்த வாரம் அவர் வகுப்புக்குப் போனார். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்களாம். அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, செங்கல்லை எடுக்கச் சொன்னாராம்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து நானும் எதெல்மீராவும் துவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் பெரியம்மா மகளின் கல்யாணத்தில் கேக் சரிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வில்ஃப்ரீதோ நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருங்க, இன்னும் முடியல" என்றாள். வாயை மூடிக்கொண்டார். அப்போது தொலைபேசி அடித்தது. அவர்தான் போய் எடுத்தார்.

சோப்புக் கம்பெனியிலிருந்து. பழைய விளம்பரத்தையே திரும்பப் போடப்போகிறார்களாம், அதைப் பற்றி அவரிடம் பேச வேண்டுமாம். அந்த ஆள் உரக்கப் பேசியதால் எங்களுக்கும் கேட்டது.

"பெரியவரே, வில்ஃப்ரீதோ ஐயாவக் கூப்பிடுங்க."

"நாந்தாங்க பேசறேன்."

"இல்லீங்க, அவரு. அந்தக் கொரலு. ரேடியோக்காரரு."

எதெல்மீராவின் கை துவரைக்காய்மேல் நின்றது. அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். தொலைபேசிக் கம்பியை ஒரு விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"அவரு வெளிய போயிருக்காருங்க" என்றார், அந்தக் கீறல் குரலில், ஒவ்வொரு வார்த்தையையும் வயிற்றிலிருந்து எடுத்து. "வருவாருன்னு தோணல. இப்ப இந்த வீட்ல நாந்தான் இருக்கேன். எங்கிட்ட சொல்லுங்க, என்ன விஷயம்?"